எல்லாப் படமும் ஒரே படம் என்று சொன்னவனுக்கு

அன்பு மகன்,

ஜெனிற்றாவுக்கு வருகிற சனிக்கிழமை கல்யாணம். சுற்றி வளைத்துச் சொல்லப் பார்த்தேன், எனக்கு அது சரிவரவில்லை. கொட்டாஞ்சேனையில், அவர்களுடைய மாதா கோயிலில்தான். மாப்பிள்ளை இத்தாலியில் வேலை செய்கிறவர், விடுமுறையில் வந்திருக்கிறார். ஜெனிற்றா என்பது அவளுடைய சொந்தப் பெயரில்லை என்பது உனக்குத் தெரியும். இந்தக் கடிதம் யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாததால் பெயரை மாற்றி எழுதுகிறேன். உன்னைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்று வரைக்கும் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. விலாசம் இல்லாத கடிதத்தை ஒட்டி என்ன செய்ய, திறந்தே இருக்கட்டும். அவள் இத்தாலிக்குப் போன பிறகு பத்திரிகைக்காரர் போட்டால் போடட்டும். எங்கேயாவது ஒரு மூலையில், சாப்பாடு சுற்றி வருகிற தாளிலாவது நீ பார்த்தால் போதும்.

அவள் எங்களைக் கேட்காமல் சம்மதம் சொல்லவில்லை. அதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பேசி வந்த கிழமையே பஸ் ஏறி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க நில்லுன்னு சொன்னா நான் நிக்கிறேன் அன்ரி. எவ்வளவு காலம்னாலும் நிக்கிறேன். போன்னு சொன்னாத்தான் போவேன்" என்றாள். அப்பா ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. "நில்லு பிள்ளை. அவன் வருவான்" என்றார். நான் தேத்தண்ணி போட எழும்பிப் போனேன். கல்யாணத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று அப்பா நினைத்தார். என்னுடைய பிள்ளை இருக்கிறானா இல்லையா என்பதை என்னுடைய வாயால் சொல்லும்படி அல்லவா அவள் கேட்டாள்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல் படங்களைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும், ஏனென்றால் உனக்கும் எனக்கும் இடையில் தீராமல் கிடக்கும் வழக்கு அது ஒன்றுதான். சனிக்கிழமை பின்னேரங்களில் காலி வீதி சீடிக் கடையிலிருந்து நான் ஒரு காதல் படம் எடுத்து வருவேன். அழுகைப் படம் எனக்கு ஆகாது. சிரிக்கவும் வேண்டும், கடைசியில் இரண்டு பேரும் சேரவும் வேண்டும். இன்சூரன்ஸ் கந்தோரில் கிழமை முழுக்க ஆட்களுடைய விபத்தையும் சாவையும் காகிதக் கோவையில் போட்டுக் கட்டுகிறவளுக்கு வேறு என்ன படம் வேண்டிக்கிடக்கிறது. நீ காலை நீட்டிக்கொண்டு நிலத்தில் இருப்பாய். "அம்மா, இப்ப ரெண்டு பேரும் முட்டுப்படுவினம், புத்தகம் விழும்" என்பாய். புத்தகம் விழும். "இனிச் சண்டை. பிறகு மழை" என்பாய். மழை பெய்யும். "எல்லாம் ஒரே அச்சு அம்மா. ஆக்கள் மாறினம், சட்டை மாறுது, அவ்வளவுதான். நீங்கள் ஒரே படத்துக்குத் திருப்பித் திருப்பிக் காசு குடுக்கிறீங்கள்." அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு "சரியாச் சொன்னாய்" என்பார். பகிடி வருகிற இடங்களில் பேப்பர் குலுங்கும், அதை நாங்கள் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவோம்.

ஒருநாள் படம் முடிய வருகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரம். கீழ் வீட்டு ரீச்சரும் எங்களோடு இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகி கல்யாணம் பேசிய மாப்பிள்ளையுடன் விமான நிலையத்துக்குக் காரில் போகிறாள், கதாநாயகன் இன்னும் வீட்டில் நாடியில் கை வைத்துக்கொண்டு இருக்கிறான், அந்த இடத்தில் இருட்டு. ரீச்சர் "ஐயோ, இனி என்ன நடக்குமோ" என்றார். நீ இருட்டுக்குள் எழும்பி நின்று சொல்லத் தொடங்கினாய். "இப்ப தாய்க்காரி சொல்லுவா, போ மோனை, அவளை விட்டிடாதை எண்டு. இவன் மோட்டச்சைக்கிளிலை வெளிக்கிடுவான். ரோட்டு முழுக்க வாகனம். சைக்கிளை எறிஞ்சுபோட்டு ஓடுவான். வாசல்லை காவல்காரன் மறிப்பான், இவன் அவனைச் சுத்திக்கொண்டு ஓடுவான், காவல்காரன்ரை தொப்பி விழும், நாங்கள் எல்லாரும் சிரிப்பம்." கடைசியில் அந்த மாப்பிள்ளையே அவளுடைய கையைப் பிடித்து இவனிடம் கொடுப்பான் என்று முடித்தாய். கரண்ட் வந்த பிறகு போட்டுப் பார்த்தோம். காவல்காரனுக்குத் தொப்பி இல்லை, மற்றதெல்லாம் நீ சொன்னபடியே நடந்தது. "ஒருத்தனாவது வேறை மாதிரி ஒரு முடிவு எடுக்கமாட்டானோ" என்று நீ கேட்டாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு மாதிரி முடிவுகளை நான் கந்தோரில் தினமும் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்தும் அதையே பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். அன்றைக்கு நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி என்றுதான் இப்போது படுகிறது.

பிறகு நீயே போய் அந்த அச்சுக்குள் விழுந்தாய். பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் வகுப்பில் ஃபானுக்குக் கீழே இருக்கிற கதிரைக்காக ஒரு பெட்டையோடு சண்டை பிடித்ததாக வந்து சொன்னாய். கொட்டாஞ்சேனைப் பெட்டையாம், வாயாடியாம், நீ தமிழ் கதைக்கிற விதத்தைக் கேட்டுச் சிரிக்கிறாளாம். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்தார். அடுத்த கிழமையும் அவளைப் பற்றித்தான் முறைப்பாடு. "இனி மழை பெய்யும், இருந்து பார்" என்றேன். நீ கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாய். அவள் வேதக்காரி, நாங்கள் சைவம். தகப்பன் துறைமுகத்தில் வேலை செய்கிற முன்கோபக்காரர். தடைகளும் ஒன்று விடாமல் படத்தில் வருகிற தடைகள்தான். முதல் முறை வீட்டுக்கு வந்த அன்று அப்பாவைப் போலவே புட்டுக்குச் சீனி கேட்டாள், அப்பா அந்த இடத்திலேயே அவளை மருமகளாக எடுத்துக்கொண்டார். நான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மாப்பிள்ளையின் தாய் அப்படி இருக்காவிட்டால் படம் ஓடுமா.

அந்தப் படங்களை எடுக்கிறவர்களுக்குத் தெரியாத இன்னொரு அச்சும் எங்களிடம் இருந்தது. கொழும்பில் பிள்ளை வளர்க்கிற எல்லாத் தமிழ்த் தாய்மாரும் அதைப் பாடமாக்கி வைத்திருந்தோம். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்க வேண்டும், களிசானின் பின்பையில் இருக்கக் கூடாது, சோதிக்கிறவர்களுக்கு முன்னால் கை பின்பக்கம் போகக் கூடாது. பஸ்ஸில் போன் வந்தால் தமிழில் சத்தமாகக் கதைக்காதே. ஓடாதே. பஸ் போனால் போகட்டும், மழை பெய்தால் நனைந்து வா, ஓடாதே. பிடித்துக்கொண்டு போனாலும் அதற்கும் ஒரு முறை இருந்தது. விடியப்புறம் பொலிஸும் ஆமியும் ஒழுங்கையை இரண்டு முனையிலும் வளைப்பார்கள், பெடியன்களை பஸ்ஸில் ஏற்றுவார்கள். நாங்கள் பொலிஸில் பதிந்த குடும்பப் பதிவையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் அங்கே போட்டிருக்கிற வாங்கில் இருப்போம். ஒருவர் வெளியே வந்து சிங்களத்தில் "ஹவஸட என்ன" என்பார், பின்னேரம் வாருங்கள் என்று அர்த்தம். பின்னேரம் போனால் விடுவார்கள். உன்னையும் ஒரு முறை அப்படிக் கொண்டு போனார்கள் அல்லவா. பொழுதுபட முதல் வீட்டுக்கு வந்து, "இடைவேளை விட்டவங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு, சோற்றையும் மீன் குழம்பையும் சட்டியோடு காலி பண்ணினாய். நானும் சிரித்தேன். இதுவும் முடிவு தெரிந்த படம்தான் என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன்.

அதனால்தான், பம்பலப்பிட்டி ரயில் நிலையத்துக்குப் போகிற ஒழுங்கையில் வைத்து உன்னைப் பிடித்துவிட்டார்கள் என்று வகுப்பிலிருந்து போன் வந்தபோது நான் பதறவில்லை. அடுப்பை நிறுத்தினேன், சேலையை மாற்றினேன், பத்திரங்கள் இருக்கிற பையை எடுத்தேன். ஓட்டோக்காரரோடு நின்று விலை கூடப் பேசினேன். முதல் போன பொலிஸில் "அம்மே, மெஹெ நே" என்றார்கள், இங்கே இல்லை. அடுத்ததிலும் அதுதான். தாங்கள் ஒருவரையும் பிடிக்கவில்லை, பிடித்தவர்கள் யாரென்று தங்களுக்குத் தெரியாது என்றார்கள். யாராவது ஒருவர் "ஹவஸட என்ன" என்று சொல்ல மாட்டாரா என்று ஒவ்வொரு வாங்கிலும் காத்திருந்தேன். அந்த வசனத்தை ஒருவரும் சொல்லவில்லை. அப்பா களுபோவில ஆஸ்பத்திரிப் பிணவறை வரைக்கும் போய் வந்தார், நீ அங்கே இல்லை என்று வந்து சொன்னபோது இரண்டு பேரும் கும்பிட்டோம். அதற்குப் பிறகு மனுக் கொடுக்காத இடமில்லை. இன்றைக்கும் வீடு சோதிக்க வருகிறவர்கள் குடும்பப் பதிவைப் பார்த்து, உன் பெயரில் விரலை வைத்து, "மெயா கோ?" என்று என்னைக் கேட்கிறார்கள். இவர் எங்கே என்று என்னிடம் கேட்கிறார்கள், மகன். அவர்களுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தத் தாயும் எனக்குப் பாடமாக்கித் தரவில்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது நான் படம் பார்ப்பதில்லை, அவர்தான் பார்க்கிறார். பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த மனிதர் இப்போது தானே கடைக்குப் போய் எடுத்து வருகிறார். முழுப் படமும் பார்ப்பதில்லை. ரிமோட்டை அமத்தி அமத்திக் கடைசிக்குக் கொண்டு போய், அவன் ஓடுகிற இடத்தை மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "பாத்தியா, இவ்வளவு சனத்துக்குள்ளாலை ஓடுறான், ஒருத்தனும் பிடிக்கேல்லை" என்று எனக்குச் சொல்வார். ஏதோ பெரிய நீதியைக் கண்டுபிடித்தவர் மாதிரி சொல்வார். நீ வருவாய் என்று அவர் நம்புகிறார், அந்த நம்பிக்கையோடு ஒரே வீட்டில் இருப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

அன்றைக்கு நான் தேத்தண்ணி போடப் போனபோது ஜெனிற்றா பின்னாலேயே குசினிக்குள் வந்தாள். இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். உன்னைப் பிடித்த நாளுக்கு முதல் நாள் நீங்கள் இரண்டு பேரும் ஒரு படத்துக்குப் போனீர்களாம். அவள் அழுத இடத்தில் நீ சிரித்தாயாம். அதிலிருந்து சண்டை. "ஒரு நாளாவது நீ என்ன தேடி ஓடி வந்திருக்கியான்னு போன்ல கேட்டேன் அன்ரி. அடுத்த நாள் வகுப்புலயும் பேசாம இருந்துட்டு, முடிஞ்ச உடனே ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். ரயில் வந்திச்சு, ஏறிட்டேன். ஜன்னலால பாக்கிறேன், ஒழுங்கையில ஓடி வாறான்." கோப்பைகளை எடுத்து வரிசையாக வைத்தாள். "எனக்குச் சந்தோஷமா இருந்திச்சு அன்ரி. அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் யாரோ மறிச்சாங்க. அடையாள அட்டை பாக்கிறாங்க, இப்ப விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். ரயில் எடுத்திட்டான். நான் எறங்கல்ல. கொஞ்சம் கோவமும் மிச்சம் இருந்திச்சு. படத்துலன்னா அவ எறங்கிடுவாதானே."

நான் அவளைக் கட்டிப் பிடித்து ஆறுதல் சொல்லவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அவளில் அல்ல. தன்னோடு கோபித்துக்கொண்டு போகிற பெட்டையைப் பிடிக்க ஒரு பெடியன் ரயிலடிக்கு ஓடுவது எந்த ஊரில் குற்றம்? எத்தனை தரம் சொல்லி வளர்த்தேன், அவ்வளவையும் மறந்து ஓடியிருக்கிறாய் என்றால் உனக்கு அவளில் எவ்வளவு விருப்பம் இருந்திருக்க வேண்டும். உலகத்தில் எல்லாப் பெடியன்களும் ஓடுகிறார்கள், அதைத்தான் படமாக எடுக்கிறார்கள், நாங்களும் காசு கொடுத்துப் பார்க்கிறோம். நீ ஓடினாய் என்பதற்காக இவள் ஆயுள் முழுக்க நான் ஏன் கேட்டேன், நான் ஏன் இறங்கவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டு இருக்க வேண்டுமா. "நீ இறங்கியிருந்தால் உன்னையும் கொண்டு போயிருப்பாங்கள், அதுதான் வித்தியாசம்" என்றேன். பிறகு, "போ பிள்ளை. அவையளுக்கு ஓம் எண்டு சொல்லு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "அவன் வந்தா, அன்ரி?" என்று கேட்டாள். "வரமாட்டான்" என்றேன். சொல்லிவிட்டுத்தான் அதை நானே கேட்டேன். அதுவரைக்கும் மனதுக்குள் கூட அந்தச் சொல்லை நான் சொல்லிப் பார்த்ததில்லை. அப்பா அதற்குப் பிறகு என்னோடு பல நாள் கதைக்கவில்லை. வரமாட்டான் என்று சொன்ன நீங்கள் ஏன் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நீயும் கேட்பாய். எனக்குத் தெரியவில்லை, மகன்.

மாப்பிள்ளையை நான் பார்த்தேன். எங்களுடைய படங்களில் அப்படி ஒருவன் எப்போதும் வருவான் அல்லவா, வெளிநாட்டு வேலை, மடிப்புக் குலையாத சட்டை, கதாநாயகிக்கு நிச்சயம் பண்ணின ஆள். பாவம், ஒரு குற்றமும் செய்திருக்கமாட்டான். கடைசியில் அவளை விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போவான், நாங்களும் கை தட்டுவோம். இவ்வளவு படம் பார்த்தும் அவன் அதற்குப் பிறகு எங்கே போனான், வீட்டில் போய்த் தாய்க்கு என்ன சொன்னான் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இவர் நல்ல பெடியன். மெலிந்த ஆள், கதைக்கும்போது கை விரல்களை முறித்துக்கொள்கிறார். ஜெனிற்றா உன்னைப் பற்றி எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருக்கிறாள், கேட்டுவிட்டு அவர் அழுதாராம். அவருடைய தாய்க்கு மட்டும் சொல்லவில்லை. கொண்டு போகப்பட்ட ஒருவனோடு பழகின பெட்டை என்று தெரிந்தால் அந்த மனிசி பயந்துவிடும், கல்யாணம் நின்றுவிடும் என்று அவரே சொன்னாராம். அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். இந்த ஊரில் இப்போது பயப்படாதவர் யார் இருக்கிறார்கள்.

அவர்களுடைய கோயிலில் கல்யாணத்துக்கு முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெயர்களை வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று சொல்கிறார்கள். கடைசி ஓலைக்கு வரும்படி ஜெனிற்றா கேட்டிருந்தாள். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார், நான் தனியாக பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சுவாமியார் இரண்டு பெயரையும் வாசித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்றார். நீ இருந்திருந்தால் என் காதுக்குள், இப்ப கதவு திறக்கும் பாருங்கோ என்று சொல்லியிருப்பாய். கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. சனம் பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டிருந்தது. சுவாமியார் தாளைத் திருப்பி, திருநாளுக்குப் பூ கொடுப்பவர்கள் பற்றிய அறிவித்தலை வாசிக்கத் தொடங்கினார். அறிந்த தடை ஒன்று என்னிடம் இருந்தது, அது வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து பேசாமல் இருந்தது.

பூசை முடிந்து முற்றத்தில் நின்றபோது மாப்பிள்ளையின் தாய் வந்தார். நல்ல மனிசி, சிரித்த முகம். நான் யாரென்று கேட்டார். "வெள்ளவத்தை அன்ரி. வகுப்புக்குப் போன காலத்துல இருந்து தெரியும்" என்றாள் ஜெனிற்றா. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சந்தோஷம் அக்கா. உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். ஜெனிற்றா கையிலிருந்த பாட்டுத் தாளை மடிக்கத் தொடங்கினாள். மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். ஒருவன் என்றால் அவன் எங்கே என்று அடுத்த கேள்வி வரும், அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"பிள்ளையள் இல்லை" என்றேன்.

அந்த மனிசி "ஐயோ அக்கா" என்று என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். தான் எனக்காக மாதாவிடம் மன்றாடுவதாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். ஜெனிற்றா தலை நிமிரவே இல்லை. பஸ்ஸில் வரும்போது ஆட்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அப்பாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமையும் போவேன், அதே சொல்லோடு போய் அதே சொல்லோடு வருவேன், அவள் இத்தாலிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் யார் கேட்டாலும் அதையே சொல்வேன். இதை நீ வேறு ஒருவர் வாயால் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உன்னைப் பெற்றவள்